வீட்டோடு தங்க நேரும் நாட்களுக்கு உழவர் குடும்பத்தின் முன்னேற்பாடுகள்

உழவர் குடும்பம் பல நாட்கள் வெளியே செல்ல இயலாமல் வீட்டோடு தங்க நேருவது அரிதன்று. விழுப்புரம் மாவட்டத்தில் ஐந்து ஆண்டுகளுக்குள் இருமுறை இவ்வாறு நேர்ந்தது. கொரோனா நோயைத் தடுக்க 2020 மார்ச் 25 அன்று நாடெங்கும் ஊரடங்கு வந்தது. முதலில் 21 நாட்கள் என்று அறிவிக்கப்பட்ட அது மே மாத இறுதி வரை நீண்டது. பின்னர் 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை பெய்தது. சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட நீரால் தென்பெண்ணை பெருகி, கரையோர ஊர்கள் வெள்ளத்தால் சூழப்பட்டன.

நகரத்துக் குடும்பம் அரிசியும் பருப்பும் வாங்கி வைத்தால் பெரும்பாலும் போதும். உழவர் வீட்டிலோ தொழுவத்து மாடும் உண்ண வேண்டும். அடுத்த பட்டத்துக்கான விதையும் அதே கூரையின் கீழ் இருக்கும். விதை மூட்டையை அவிழ்த்து உண்டுவிட்டாலும், தீவனமின்றிக் கறவை மாட்டை வந்த விலைக்கு விற்றுவிட்டாலும், தடை நீங்கிய பின்னும் அக்குடும்பம் தலைநிமிர ஓராண்டு ஆகும். ஆகவே விதை, உணவு, குடிநீர், தீவனம் ஆகிய நான்கையும் தனித்தனியே கணக்கிட்டு வைத்தல் வேண்டும்.

விதையை முதலில் ஒதுக்குதல்

ஆடிப் பட்டத்து நிலக்கடலையிலிருந்து எடுத்த விதை மார்கழிப் பட்டத்துக்கு உதவும். அது வீட்டில் இருக்கும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களே புயல் காலமாகும். ஏக்கருக்குச் சுமார் 50 கிலோ பருப்பு தேவை. இதற்கு நன்கு முற்றிய காய்கள் 75 முதல் 80 கிலோ ஒதுக்குக. குலுக்கினால் பருப்பு உள்ளே ஒலிக்கும்வரை காயவைத்து, காயாகவே பரண் மீது வைக்க வேண்டும். தரையில் கிடந்து நனைந்த மூட்டையில் பூசணம் பிடித்து அஃப்ளாடாக்சின் என்னும் நஞ்சு உண்டாகும். அத்தகைய கடலை விதைக்கும் ஆகாது. மனிதருக்கும் மாட்டுக்கும் உணவாகவும் ஆகாது.

உளுந்து விதையை வெயிலில் காயவைத்து, 100 கிலோவுக்கு 3 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்புத் தூள் கலந்து வைத்தால் வண்டு அணுகாது. மருந்து கலந்த விதை மூட்டையில் "உண்ணலாகாது" என்று பெரிதாக எழுதி வைக்கவும்.

வீட்டு உணவு

மூன்று பெரியவர்களும் இரண்டு சிறுவர்களும் உள்ள குடும்பத்துக்கு 30 நாட்களுக்கு உத்தேசமாக வேண்டுவன:

அரிசி – நாளொன்றுக்கு 1.6 கிலோ வீதம் 48 கிலோ
பருப்பு – நாளொன்றுக்கு 200 கிராம் வீதம் 6 கிலோ
சமையல் எண்ணெய் – நாளொன்றுக்கு 100 மி.லி. வீதம் 3 லிட்டர்
அயோடின் உப்பு – 1 கிலோ

இவற்றை ஒரே நாளில் கடன் பட்டு வாங்க வேண்டுவதில்லை. நியாயவிலைக் கடைப் பொருட்களை மாதத் தொடக்கத்திலேயே பெற்று, பழையதை முதலில் செலவழித்து, புதியதைப் பின்னால் அடுக்கி வந்தால் இருப்பு தானே சேரும். கொத்தவரை, கத்தரி, மணத்தக்காளி வற்றல்களைக் கோடையிலேயே போட்டு வைக்கலாம். வீட்டருகே ஒரு முருங்கையும் ஒரு பாத்தி கீரையும் இருந்தால் காய்கறிக்குக் கடையை எதிர்பார்க்க வேண்டாம். சர்க்கரை நோய், இரத்த அழுத்தம் உள்ளவர்கள் ஒரு மாத மாத்திரையைக் கையில் வைத்திருத்தல் அவசியம். உலர்ந்த விறகு, தீப்பெட்டி, கைவிளக்கு ஆகியவற்றை நனையாத இடத்தில் வைக்கவும்.

குடிநீர்

மின்சாரம் நின்றால் ஆழ்குழாய்க் கிணறும் ஊராட்சித் தொட்டியும் உதவா. குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு 7 லிட்டர் வீதம் ஐவருக்கு நாளொன்றுக்கு 35 லிட்டர் வேண்டும். புயல் எச்சரிக்கை வந்தவுடன் ஐந்து நாட்களுக்கு 175 லிட்டர் பிடித்து மூடி வைக்கவும். பூச்சிமருந்து இருந்த டிரம்மை எவ்வளவு கழுவினாலும் குடிநீருக்குப் பயன்படுத்தலாகாது.

வெள்ளம் புகுந்த கிணற்றைச் சேறு போக இறைத்து, ஊறிய நீரில் 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் வீதம் நல்ல பிளீச்சிங் பவுடர் இடவும். குறுக்களவு 3 மீட்டரும் நீராழம் 3 மீட்டரும் உள்ள வட்டக் கிணற்றில் ஏறத்தாழ 21,000 லிட்டர் நீர் இருக்கும். அதற்கு 53 கிராம் தேவை. தூளை வாளி நீரில் கரைத்து, தெளிந்த மேல்நீரை மட்டும் கிணற்றில் ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்து நீர் எடுக்கலாம். ஆயினும் குடிக்கும் நீரைக் கொதிக்க வைத்தே பருகுதல் நன்று.

கால்நடைத் தீவனம்

மாடு ஒன்றுக்கு நாளொன்றுக்கு 6 கிலோ வைக்கோல் எனக் கொண்டால் இரண்டு மாடுகளுக்கு 30 நாட்களுக்கு 360 கிலோ தேவை. 5 லிட்டர் பால் தரும் பசுவுக்கு அடர்தீவனம் சுமார் 3 கிலோ வீதம் மாதத்துக்கு 90 கிலோ வேண்டும். காய்ந்த நிலக்கடலைக் கொடியும் சிறந்த தீவனமே. போரைக் கல் அடுக்கி உயர்த்திய மேடையில் போடவும்.

பசுந்தீவனம் கிடைக்காத நாட்களுக்கு யூரியா ஊட்டிய வைக்கோல் உதவும். 4 கிலோ யூரியாவை 65 லிட்டர் நீரில் முழுவதும் கரைத்து, 100 கிலோ வைக்கோலில் சீராகத் தெளித்து, காற்றுப் புகாமல் 21 நாட்கள் மூடி வைக்க வேண்டும். நெடி போக ஆறவிட்டுக் கொடுக்கவும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுகளுக்குக் கொடுக்கலாகாது. யூரியாக் கரைசலை மாடு குடித்தால் உயிருக்கு ஆபத்து. மூன்று வாரம் பிடிப்பதால், தேவை வருமுன்பே தொடங்குதல் வேண்டும்.

வெள்ளம் ஏறும் அறிகுறி கண்டால் மாடுகளை மேட்டுக்கு ஓட்டவும். இயலாவிடில் கட்டுகளை அவிழ்த்துவிடவும். கால்நடை மருத்துவ உதவிக்கு 1962 எண்ணை அழைக்கலாம்.

நோயாளிக்குத் தனி இடம்

2020 மே மாதத்தில் கோயம்பேடு சந்தை மூடப்பட்டபோது, அங்கு உழைத்த பலர் விழுப்புரம், கடலூர் மாவட்டங்களிலுள்ள தம் ஊர்களுக்குத் திரும்பினர். அவர்களில் பலருக்கு நோய் கண்டது. பிழைக்கப் போனவர் மீது இதில் குற்றமில்லை. ஓரறை வீட்டில் அவரை எங்கே படுக்க வைப்பது என்பதே இடர்.

ஜன்னல் உள்ள அறையோ திறந்த தாழ்வாரமோ ஏற்றது. தட்டு, குவளை, துணி தனியாக இருக்கட்டும். ஒருவர் மட்டும் முகக்கவசம் அணிந்து கவனிக்கட்டும். மோட்டார் கொட்டகையைப் பயன்படுத்துவதாயின் பூச்சிமருந்து டப்பாக்களை முதலில் அகற்றி, தரையைக் கழுவி, காற்றோட்டம் செய்யவும். மூச்சுத் திணறினாலோ, உயிர்வளி அளவு 94-க்குக் கீழ் இறங்கினாலோ 108-ஐ அழைக்கத் தாமதிக்கலாகாது.

வீடு முழுவதும் தனித்திருக்க நேர்ந்தால் பால் கறப்பவர் யார், மடை திறப்பவர் யார்? பக்கத்து இரு குடும்பங்களோடு இதை முன்பே பேசி முடிவு செய்து, கைம்மாறாக நீங்களும் அவ்வாறே உதவ உடன்படுக.

விளைபொருளும் ஆவணங்களும்

2020 பங்குனியில் திண்டிவனம், மரக்காணம் பகுதித் தர்ப்பூசணி வாங்குவோரின்றித் தேங்கியது. காயாக வைத்த நிலக்கடலை காத்திருக்கும்; தர்ப்பூசணி காத்திராது. எனவே நிலம் முழுவதையும் அழுகும் பயிருக்கே விடாமல், ஒரு பகுதியில் சேமிக்கத்தக்க பயிரிடுக. விளைபொருளை ஒழுங்குமுறை விற்பனைக்கூடக் கிடங்கில் வைத்துப் பொருளீட்டுக் கடன் பெறும் வசதியை அறிந்து வைக்கவும். பட்டா, குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம், பயிர்க் காப்பீட்டு ரசீது ஆகியவற்றை நீர் புகாத உறையிலிட்டுப் பரண் மீது வைக்கவும்.

இப்பணிகளைப் புரட்டாசி முடிவதற்குள் செய்து முடித்தல் நலம். புயலோ நோயோ வாராவிடில் சேர்த்த பொருள் வீணாகாது. வீட்டுச் செலவுக்கே ஆகும். வந்தாலோ, தடை நீங்கிய மறுநாளே கறவை மாடு தொழுவத்திலும், மார்கழிப் பட்டத்துக்கு விதை பரணிலும் இருக்கும்.