பினாங்கில் நடந்தே ருசிக்கலாமா?

கேள்வி: பினாங்கு போகிறோம். வழிகாட்டி யாரும் இல்லாமல் ஜார்ஜ் டவுனின் தெருவோர உணவுகளை நடந்தே சாப்பிட்டுப் பார்க்க முடியுமா?

பதில்: தாராளமாக! 2008-ல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்ற அந்தப் பழைய நகரம் நடப்பதற்குத் தோதானது. படகுத்துறையில் இறங்கினால் லிட்டில் இந்தியா பக்கம்தான். அங்கே தோசை வாசத்தில் மயங்கி வயிற்றை நிரப்பிக்கொள்ள வேண்டாம்; தோசை ஊரிலும் கிடைக்கும்.

சூலியா தெருப் பக்கம் நாசி கண்டார் கடைகள் உண்டு. துறைமுகத் தொழிலாளர்களுக்காகத் தமிழ் முஸ்லிம்கள் தோள்கம்பின் இருபுறமும் சோறும் குழம்புமாகச் சுமந்து விற்றதுதான் இதன் தொடக்கம். இன்று கம்பு போய்க் கடை வந்துவிட்டது. மீன், கோழி, மாட்டிறைச்சி எனக் கேட்டதை வைத்து, நாலைந்து குழம்புகளைக் கலந்து ஊற்றுவார்கள். ‘பஞ்சிர்’ என்று சொன்னால் சோறு குழம்பில் மிதக்கும். பினாங்கின் உணவுகளில் முதலிடம் இதற்கே.

வெயிலுக்கு, பினாங்கு ரோட்டை ஒட்டிய கெங் குவீ சந்தில் செண்டோல்: தேங்காய்ப்பால், பனைவெல்லப் பாகு, சிவப்பு ராஜ்மா, பச்சை நிற மாவு இழைகள்.

இருட்டியதும் சூலியா, கிம்பர்லி தெருக்களில் தள்ளுவண்டிகள் வரும். சார் குவே தியாவைச் சூடாகச் சாப்பிட வேண்டும். கனன்ற வாணலியில் பட்டையான அரிசி நூடுல்ஸ், இறால், சிப்பி, முட்டை, முளைப்பயறு எல்லாம் நொடியில் புரண்டு, விளிம்பு கருகி இறங்கும்.

இதைப் பன்றிக்கொழுப்பில் வறுப்பவர்கள் பலர். வேண்டாதவர்கள் முதலிலேயே கேட்டுவிடுங்கள். சில்லறை ரிங்கிட்டும் கையில் இருக்கட்டும்.