பெருநகரத்துத் தெருவோரச் சிறுவரும் தொன் போஸ்கோ காட்டிய வழியும்



சங்கராபுரத்திலிருந்து கள்ளக்குறிச்சிக்கு ஒரு பேருந்து. அங்கிருந்து சென்னைக்கு இன்னொன்று. சுமார் 250 கிலோமீட்டர். இரவில் ஏறினால் பொழுது புலருமுன் இறங்கிவிடலாம். கட்டட வேலைக்கும் செங்கற்சூளைக்கும் நம் பகுதியிலிருந்தும் கல்வராயன் மலைக் கிராமங்களிலிருந்தும் குடும்பம் குடும்பமாகப் புறப்படுவோர் பேருந்தேறித்தான் செல்கின்றனர். தகப்பனிடம் அடி வாங்கிய கோபத்தில் ஒரு சிறுவன் தனியே கிளம்பிவிட்டாலும் அவனுக்கும் அதே பேருந்துதான். ஆகவே, "தெருவோரச் சிறுவர் என்பது பட்டணத்துச் சங்கதி, நமக்கென்ன?" என்று நாம் இருந்துவிட முடியாது.

தெருவோரச் சிறுவர் என்று ஒரே பெயரால் அழைக்கப்படுவோரில் பல வகையினர் உண்டு. பகலெல்லாம் பூ விற்றோ பழைய தாள் பொறுக்கியோ அலைந்துவிட்டு இரவில் பெற்றோரிடம் திரும்புவோர் ஒரு வகை. நடைபாதையையே வீடாகக் கொண்ட தாய் தந்தையரோடு வாழ்வோர் மற்றொரு வகை. எவர் துணையுமின்றித் தெருவிலேயே உண்டு உறங்குவோர் மூன்றாம் வகை. இவர்களை "அனாதைகள்" என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. அது பெரும்பாலும் பிழை. இச்சிறுவர்களில் பலருக்கு ஊரில் தாயோ தந்தையோ இருவருமோ இருக்கின்றனர் என்பது இப்பணியில் ஈடுபட்டோர் திரும்பத் திரும்பக் கண்ட உண்மை. வீடு இல்லாமல் வந்தவர்கள் சிலர். வீட்டில் இருக்க முடியாமல் வந்தவர்களே பலர்.

ஏன் இருக்க முடியவில்லை? குடி ஒரு காரணம். சிற்றன்னையின் கொடுமை, தேர்வில் தோற்ற அச்சம், கடன், சினிமா மோகம் என மற்றவற்றையும் சொல்லலாம். ஆனால் குடியைப் பற்றி நம் மாவட்டத்தில் யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோர் உயிரைக் குடித்தது. தாய் தந்தை இருவரையும் அந்த ஒரே வாரத்தில் இழந்த பிள்ளைகளும் உண்டு. அவர்களது துயரத்தை நாடே பார்த்தது, அரசும் உதவ முன்வந்தது. சாகாமல் தினமும் குடித்துவிட்டு வந்து அடிக்கும் தகப்பனுடைய பிள்ளையின் துயரம் எந்தச் செய்தித்தாளிலும் வருவதில்லை. அவன்தான் ஒருநாள் பேருந்து ஏறுகிறான்.

பெருநகரில் வந்து இறங்கும் பிள்ளைக்கு முதல் சில மணி நேரமே முக்கியமானது. யார் அவனிடம் முதலில் பேசுகிறாரோ அவர் வழியில்தான் பெரும்பாலும் அவன் வாழ்க்கை திரும்பும். வேலைக்கு ஆள் பிடிக்கும் தரகனும் அங்கே நிற்கிறான். தீய எண்ணம் கொண்டவனும் நிற்கிறான். சில நாட்களில் மூத்த பையன்களின் கூட்டத்தில் ஒருவனாகி, இரயில் பெட்டிகளைக் கூட்டிக் காசு கேட்கவும், காலிப் புட்டிகளைப் பொறுக்கவும், காய்கறிச் சந்தையில் சிந்தியதைச் சேர்த்து விற்கவும் கற்றுக்கொள்கிறான். கையில் காசு இருந்தால் இரவில் பறிபோய்விடும். ஆகவே அன்றன்றே செலவழித்துவிடுகிறான். பசியும் குளிரும் தெரியாமலிருக்க, பஞ்சர் ஒட்டும் பசையைத் துணியில் தடவி முகரும் பழக்கமும் வந்து சேர்கிறது. ஆறு மாதம் சென்றபின் நல்லவர் ஒருவர் வந்து "வா தம்பி, சோறு போடுகிறேன்" என்றால் அவன் நம்புவானா? அப்படிச் சொல்லித்தானே முன்பும் சிலர் அழைத்தனர்!

இத்தகைய பிள்ளையிடம் எப்படிப் பேசுவது என்பதை உலகுக்குக் காட்டியவர்களுள் ஒருவர் இத்தாலி நாட்டுக் குருவானவர் புனித தொன் போஸ்கோ. 1815இல் ஏழை உழவர் குடும்பத்தில் பிறந்து, இரண்டு வயதிற்குள் தந்தையை இழந்து, 1841இல் குருவானவர். அக்காலத்தில் தூரின் நகரில் புதிய கட்டடங்களும் தொழிற்சாலைகளும் பெருகிவந்தன. கொத்து வேலைக்கும் கூலி வேலைக்கும் மலைக் கிராமங்களிலிருந்து சிறுவர்கள் வந்து குவிந்தனர். அந்நகரின் சிறைச்சாலைகளுக்குச் சென்ற இளங்குரு, பன்னிரண்டு முதல் பதினெட்டு வயதுள்ள பிள்ளைகள் அங்கே அடைபட்டுக் கிடப்பதைக் கண்டார். விடுதலையானவர்களே சில நாட்களில் திரும்ப வந்து சேர்வதையும் கண்டார். வெளியே அவர்களுக்கென்று ஒரு நண்பர் இருந்திருந்தால் இங்கே வந்திருப்பார்களா என்ற எண்ணம் அவரை விடவில்லை.

அதே ஆண்டு டிசம்பர் 8, அமல உற்பவத் திருநாள். பூசைக்கு உதவத் தெரியாத ஒரு கொத்துவேலைச் சிறுவனைக் கோயிற்பிள்ளை அடித்து விரட்டினார். தொன் போஸ்கோ அவனைத் திரும்ப அழைக்கச் செய்தார். பெயர் பர்த்தலோமேயு கரேல்லி, வயது பதினாறு, தாயும் இல்லை, தந்தையும் இல்லை. படிக்கத் தெரியுமா என்று கேட்டார், தெரியாது. எழுதத் தெரியுமா, தெரியாது. பாடத் தெரியுமா, அதுவும் தெரியாது. கடைசியாக, சீட்டியடிக்கத் தெரியுமா என்று கேட்டார். பையன் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்பிலிருந்துதான் சலேசியரின் பணி தொடங்கியது என்பார்கள். தெரியாதவற்றையே கேட்டுக்கொண்டு போயிருந்தால் அவன் தலைகுனிந்தபடியே வெளியேறியிருப்பான். அவனால் முடிந்த ஒன்றைக் கண்டுபிடிக்கும் வரை கேட்டார் பாருங்கள், ஆசிரியைகளாகிய எங்களுக்கும் அதில் பாடம் உண்டு. அடுத்த ஞாயிறு கரேல்லி தன் நண்பர்களையும் அழைத்துக்கொண்டு வந்தான்.

புனிதர் வரலாறு என்றால் எல்லாம் வெற்றியாகவே முடியும் என்று நினைக்க வேண்டாம். வால்தோக்கோ என்ற ஒதுக்குப்புறத்தில் இடம் கிடைத்தபின், படுக்க இடமில்லாத பிள்ளைகளை வைக்கோற்பரணில் தங்கவைத்தார். விடிந்து பார்த்தால் பிள்ளைகளையும் காணோம், கொடுத்த போர்வைகளையும் காணோம். 1847 மே மாதத்தில் மழையில் நனைந்தபடி ஒரு சிறுவன் கதவைத் தட்டியபோது, அவருடைய தாய் மார்கரீத்தா அம்மாள் அவனை அடுப்பருகே அமர்த்திச் சோறிட்டார். ஆனால் சமையலறையில் படுக்கவைத்தால் பாத்திரங்களைத் தூக்கிக்கொண்டு போய்விடுவானோ என்று கவலையும்பட்டார். செங்கல்லை அடுக்கி, மேலே பலகை போட்டுப் படுக்கை செய்து கொடுத்தார். அன்றிரவு சமையலறைக் கதவைப் பூட்டியும் வைத்தார். அந்தப் பையன் எங்கும் போகவில்லை. அவனே அவ்வில்லத்தின் முதல் தங்குமாணவன். அன்பும் எச்சரிக்கையும் ஒரே தாயுள்ளத்தில் இருந்ததை நான் மிகவும் விரும்புகிறேன். போர்வை போனதே என்று அவர்கள் கதவடைத்திருந்தால் இந்தப் பிள்ளைக்கு இடம் கிடைத்திராது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தொன் போஸ்கோ சோறும் செபமும் கொடுத்ததோடு நிற்கவில்லை. 1852 பிப்ரவரி 8 அன்று ஒரு தச்சுச் சிறுவனுக்காக அவன் முதலாளியோடு எழுத்து மூலம் ஓர் ஒப்பந்தம் செய்தார். பையனைத் தொழில் கற்பிக்க மட்டுமே பயன்படுத்த வேண்டும், வாயால் திருத்தலாமேயன்றி அடிக்கலாகாது, திருநாட்களில் விடுமுறை தர வேண்டும், கூலி இவ்வளவு என்று அதில் கண்டிருந்தது. தருமம் ஒரு நாள் பசியை ஆற்றும். இந்தக் காகிதம் அவன் உரிமையைக் காத்தது.

தொன் போஸ்கோ தொடங்கிய சலேசிய சபையார் 1906 ஜனவரியில் நம் தஞ்சாவூரில்தான் இந்திய மண்ணில் முதன்முதலாகப் பணி தொடங்கினர். பள்ளிகளும் தொழிற்பயிற்சிக் கூடங்களும் பெருகின. ஆனால் பள்ளி வாசலுக்கே வராத பிள்ளைகளைத் தேடித் தெருவுக்குச் செல்லும் பணி, பின்னரே தனிப் பணியாக உருக்கொண்டது. 1980இல் பெங்களூரில் குருத்துவப் பயிற்சியிலிருந்த சலேசிய மாணவர்கள் தெருக்களுக்குச் சென்று சிறுவர்களோடு பழகத் தொடங்கினர். அது 'பாஸ்கோ' என்ற அமைப்பாக வளர்ந்தது. சென்னையில் 1985இல் 'தொன் போஸ்கோ அன்பு இல்லம்' தொடங்கப்பட்டது. சென்ட்ரல் இரயில் நிலையத்தை ஒட்டிச் செல்லும் வால்டாக்ஸ் சாலையில் அதற்கு இடம் அமைந்தது பொருத்தமே. பிள்ளைகள் எங்கே வந்து இறங்குகின்றனரோ அங்கேதானே வாசல் இருக்க வேண்டும்!

இத்தகைய பணியில் ஒரு முறை உண்டு. தொண்டர் முதலில் அழைப்பதில்லை, பழகுகிறார். நடைமேடையில் உட்கார்ந்து பேசுகிறார், காலில் புண் இருந்தால் மருந்திடுகிறார். பெயரைக் கேட்கிறார், பையன் பொய்ப் பெயர் சொன்னால் அந்தப் பெயராலேயே அழைக்கிறார். பிறகு ஒருநாள் குளிக்கவும் துணி துவைக்கவும் இடம் காட்டுகிறார். சம்பாதித்த காசைப் பத்திரப்படுத்தச் சேமிப்புக் கணக்கும் சில இல்லங்களில் உண்டு. தங்குவது பிள்ளையின் விருப்பம். போய்விடுகிறான், திரும்புகிறான், மீண்டும் போகிறான். கதவைப் பூட்டி வைத்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. பூட்டிய கதவிலிருந்து தப்பத் தெரிந்தவன்தான் வீட்டை விட்டே வந்தான் என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

பெற்றோரில் சிலர் மனதில் எழக்கூடிய ஒரு கேள்வியையும் ஒளிக்காமல் எடுத்துக்கொள்வோம். இதெல்லாம் மதம் மாற்றத்தானே? அன்பு இல்லம் போன்ற இடங்களுக்கு எல்லாச் சமயப் பிள்ளைகளும் வருகின்றனர்; வருவோரில் பெரும்பாலோர் கிறிஸ்தவர் அல்லர். 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட சமயச் சுதந்திர அறிக்கை, விசுவாசத்தை எவர்மீதும் வற்புறுத்தலாகாது என்று தெளிவாகக் கூறுகிறது. பசித்த பிள்ளை சோற்றைப் பார்த்துக்கொண்டே சொல்லும் "சரி" என்பது சம்மதம் ஆகாது. கரேல்லி ஞானோபதேசம் கற்றது உண்மைதான். ஆனால் அவன் ஏற்கெனவே திருமுழுக்குப் பெற்றவன். வேற்றுச் சமயத்துப் பிள்ளையிடம் ஆண்டவரின் அன்பைக் காட்டலாம். அதற்கு விலை கேட்கலாகாது என்பதே என் கருத்து.

இதுவரை "பையன்", "சிறுவன்" என்றே எழுதி வந்தேன். சிறுமியர் எங்கே? தெருவில் அவர்கள் குறைவாகவே கண்ணில் படுகின்றனர். அவர்களுக்குத் துன்பம் குறைவு என்று அதற்குப் பொருளல்ல. தனியே வந்த சிறுமி நெடுநேரம் தெருவில் விட்டுவைக்கப்படுவதில்லை. யாரோ அழைத்துக்கொண்டு போய்விடுகின்றனர், சிலரை மிகக் கொடிய இடங்களுக்கு. இன்னும் பலர் ஊரிலிருந்தே நேராகப் பட்டணத்து வீடுகளுக்கு வேலைக்காரிகளாக அனுப்பப்படுகின்றனர். பூட்டிய கதவுக்குப் பின்னே பாத்திரம் துலக்கும் பத்து வயதுப் பெண்ணை எந்தத் தொண்டர் நடைமேடையில் சந்திக்க முடியும்? பதினான்கு வயதுக்குட்பட்டோரை வீட்டு வேலைக்கு அமர்த்துவது 2006 அக்டோபர் 10 முதல் தடை செய்யப்பட்டது. 2016இல் திருத்தப்பட்ட சட்டம், குடும்பத்தாருக்குப் பள்ளி நேரம் போக உதவுவது போன்ற சில விலக்குகள் தவிர, அவ்வயதினரை எந்த வேலைக்கும் அமர்த்தலாகாது என்கிறது. ஆயினும் "நல்ல வீடு, சாப்பாடு கிடைக்கும், கல்யாணத்துக்கு நகை போடுவார்கள்" என்ற பேச்சு நம் ஊர்களில் நின்றுவிட்டதா என்பதை நீங்களே அறிவீர்கள்.

தொன் போஸ்கோவும் புனித மரிய மசரெல்லோவும் 1872இல் பெண்பிள்ளைகளுக்கென நிறுவிய சபையின் அருட்சகோதரிகள் 1922இல் தஞ்சைக்கு வந்தனர். அவர்களே பிற்காலத்தில் சென்னையில் 'மரியாலயா' என்ற பெயரில் தெருவோரச் சிறுமியருக்கான பணியை மேற்கொண்டனர். சிறுவர் பணியினும் இது கடினம். பையன் போய்த் திரும்பலாம் என்று கதவைத் திறந்துவைப்பதுபோல் சிறுமிக்குத் திறந்துவைத்துவிட்டுச் சும்மா இருக்க முடியாது.

சட்டமும் இன்று துணைநிற்கிறது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, ஆதரவின்றிக் காணப்படும் பிள்ளையை, பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்திற்குள் குழந்தைகள் நலக் குழுமுன் கொண்டுசெல்ல வேண்டும். அப்படிக் கண்ட பிள்ளையைப் பற்றித் தெரிவிக்காமல் இருப்பதும் குற்றம். மாவட்டந்தோறும் அக்குழு இருக்க வேண்டும். குடும்பத்தோடு சேர்ப்பதே முதல் நோக்கம், இல்லத்தில் வைப்பது கடைசி வழி என்கிறது அச்சட்டம். 1098 என்ற எண் 1996இல் மும்பையில் ஒரு சமூகவியல் கல்லூரியின் முயற்சியாகத் தொடங்கி நாடெங்கும் பரவியது. 2023 முதல் அரசே அதை நேரடியாக நடத்துகிறது. இரவு பகல் எந்நேரமும் காசின்றி அழைக்கலாம். பிள்ளையே அழைக்கலாம், நீங்களும் அழைக்கலாம். கள்ளக்குறிச்சிப் பேருந்து நிலையத்தில் தனியே அழுதுகொண்டிருக்கும் சிறுமிக்கும் அதே எண்தான். அவள் சென்னை போய்ச் சேரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

வீடு திரும்பிய பிள்ளை மீண்டும் ஓடிப்போவதும் உண்டு. அடித்த கை அங்கேயே இருக்கிறது. விட்டுப்போன பள்ளியோ வெட்கத்தைத் தருகிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, ஆறு முதல் பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளையை அதன் வயதுக்குரிய வகுப்பிலேயே சேர்க்க வேண்டும். வயதுச் சான்று இல்லையென்று திருப்பி அனுப்பலாகாது. பின்தங்கிய பாடங்களுக்குச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும். ஆகவே மூன்றாம் வகுப்போடு நின்று, இரண்டாண்டு பட்டணத்தில் பாத்திரம் துலக்கிவிட்டு வந்த பதின்மூன்று வயதுப் பெண் எட்டாம் வகுப்பில்தான் உட்காருவாள். எழுத்துக் கூட்டிப் படிப்பாள். பக்கத்து இருக்கையில் இருப்பவள் சிரிப்பாளா, தன் புத்தகத்தை அவள் பக்கம் நகர்த்தி வைப்பாளா என்பது எந்தச் சட்டத்திலும் எழுதப்படவில்லை.