புதைந்த பற்கள்: புதிய பல் டாக்டர்களுக்குச் சில சொற்கள்

1. முதலில் பற்களை எண்ணுங்கள். இருபது வயதுப் பிள்ளையின் வாயில் பால் பல் தெரிந்தால் உடனே இடுக்கியைத் தேடாதீர்கள். கீழே நிலைப்பல் இருக்கிறதா, இருந்தாலும் வருமா என்று தெரியும்வரை அவன் மெல்லுவது அந்தப் பால் பல்லால்தான்.

2. ஓபிஜி எடுக்காமல் பேச்சில்லை. ஞானப்பல் புதைந்திருப்பது அன்றாடம் பார்ப்பது. கோரைப்பல், முன்கடைவாய்ப்பல் என்று ஐந்தாறு சேர்ந்து புதைந்திருந்தால் காரணம் வாய்க்கு வெளியே இருக்கலாம்.

3. ஆகவே ஆளைப் பாருங்கள். இரு தோள்களையும் முன்னால் கொண்டுவந்து சேர்க்கச் சொல்லுங்கள். மார்புக்கு நேரே அவை கிட்டத்தட்டத் தொட்டுக்கொண்டால் காறையெலும்பு குறைபட்டிருக்கிறது. குள்ள உருவம், அகன்ற நெற்றி, எக்ஸ்ரேயில் கூடுதல் பற்கள் என எல்லாம் சேர்ந்தால் அது கிளைடோகிரேனியல் டிஸ்பிளேசியா. ரன்எக்ஸ்2 மரபணுவின் கோளாறு. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. பெற்றோருக்கு இல்லாமல் புதிதாகவும் வரும்.

தாடையில் எலும்புக் கட்டிகள், தோலடியில் நீர்க்கட்டிகள் இருந்தால் கார்ட்னர் சிண்ட்ரோமை நினையுங்கள். அதில் பெருங்குடலில் பாலிப்கள் முளைக்கும், விட்டுவைத்தால் புற்றுநோயாகும். பல்லைப் பார்க்க வந்த இடத்தில் குடும்பத்தில் யாருக்காவது குடல் புற்றுநோய் உண்டா என்று கேட்டால் முறைப்பார்கள். முறைக்கட்டும். குடல் மருத்துவரிடம் அனுப்புங்கள். தைராய்டையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பலருக்கு எதுவுமே அகப்படாது, அதுவும் சகஜம்.

4. பல் அண்ணத்துப் பக்கமா, உதட்டுப் பக்கமா? குழாயை நகர்த்தி இரண்டு படம் எடுங்கள். குழாய் போன திசையிலேயே பல்லும் நகர்ந்தால் அண்ணத்துப் பக்கம். பக்கத்துப் பல்லின் வேர் கரைகிறதோ என்ற சந்தேகம் வந்தால் சிபிசிடி. எல்லாருக்கும் எழுதித் தள்ள வேண்டாம்.

5. எலும்போடு ஒட்டிப்போன பல்லை இழுத்தால் அது வராது. பிடிமானமாக வைத்த பற்கள்தான் உள்ளே போகும்.

6. எல்லாவற்றையும் எடுக்கவும் வேண்டாம். நீர்க்கட்டி, சீழ், வேர்க்கரைவு இருந்தால் எடுங்கள். தொல்லை தராமல் ஆழத்தில் கிடப்பதை அவ்வப்போது படம் எடுத்துக் கண்காணித்தால் போதும். கீழ்த்தாடையில் ஒரே நாளில் பலவற்றைத் தோண்டினால் எலும்பு பலவீனப்படும்.

7. ஈறைத் திறந்து, பல்லில் பிராக்கெட் ஒட்டி, சங்கிலி கட்டி இழுப்பதற்கு மாதங்கள் அல்ல, வருடங்கள் ஆகலாம். "கல்யாணத்துக்குள் முடிஞ்சிடுமா டாக்டர்?" என்று கேட்பார்கள். தேதி கொடுக்காதீர்கள். கிளிப் போடும் டாக்டரும் சர்ஜனும் உட்கார்ந்து ஒரே திட்டமாக எழுதிய பிறகே முதல் ஊசியைப் போடுங்கள்.