பத்து ரிங்கிட் தாளில் உள்ள மலர்

2012ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட பத்து ரிங்கிட் தாளின் பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். ஐந்து தடித்த இதழ்களைக் கொண்ட ஒரு மலர் தெரியும். அதுதான் ரஃப்லேசியா. மலாய்க்காரர்கள் அதனைப் பக்மா என்றும் அழைப்பர். பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் நாம் நீட்டும் தாளில் உள்ள அந்த மலரை நேரில் காண, ஈப்போ வட்டார மாணவர்கள் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. ஈப்போவுக்குத் தெற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் கோப்பேங் நகரம் உள்ளது. அங்கிருந்து மலைச்சாலையில் சுமார் 12 கிலோமீட்டர் சென்றால், செமாய்ப் பூர்வகுடி மக்கள் வாழும் உலு கெரோ கிராமத்தை அடையலாம். ஆனால், கிராமத்தை அடைந்துவிட்டாலே மலரைக் கண்டுவிடலாம் என்று எண்ணக்கூடாது.

கோப்பேங் வட்டாரத்தைக் கடந்து செல்லும் வழியே ஒரு வரலாற்றுப் பாடம்தான். பழைய ஈயச் சுரங்கங்கள் விட்டுச்சென்ற குளங்கள், ரப்பர் மரங்கள், செம்பனைகள், டுரியான் தோப்புகள் எனக் காட்சி மாறிக்கொண்டே போகும். எதிரே நிற்கும் தித்திவங்சா மலைத்தொடரின் பெரும்பகுதி கருங்கல்லால் ஆனது. ஏறத்தாழ 20 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, பூமிக்கு அடியில் இருந்த பாறைக்குழம்பு எரிமலையாகப் பொங்கி வெளியே வராமல், ஆழத்திலேயே மெல்ல ஆறி இறுகியதால் உண்டான பாறை அது. கிந்தா பள்ளத்தாக்கின் ஈயமும் அந்தக் குழம்போடு வந்ததுதான். ஈயத்திற்காகச் சமவெளி தோண்டப்பட்டது. பின்னர் ரப்பருக்காகக் காடு அழிக்கப்பட்டது. நம் பாட்டன் பாட்டிமார் பால் வெட்டிய தோட்டங்கள் பல அப்படி உருவானவையே. காட்டை அழிக்கும் முடிவை எடுத்தவர்கள் அவர்கள் அல்லர். உழைப்பு மட்டுமே அவர்களுடையது. செங்குத்தான மலைச்சரிவுகளில் தோட்டம் போடுவது எளிதாக இல்லை. அங்கே எஞ்சிய காட்டில்தான் ரஃப்லேசியா பிழைத்திருக்கிறது.

குறிஞ்சி மலரைப் பற்றி நீங்கள் படித்திருப்பீர்கள். கேரளத்தின் மூணாறு மலைகளில் நீலக்குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும். 2006இல் பூத்தது, 2018இல் மீண்டும் பூத்தது, அடுத்து 2030இல் பூக்கும் என எதிர்பார்க்கிறார்கள். நாள்காட்டியில் குறித்து வைத்துக்கொண்டு பயணச்சீட்டு வாங்கலாம். (2018ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் கேரளத்தைத் தாக்கிய பெருவெள்ளத்தால் பலரால் மூணாற்றுக்குச் செல்ல முடியாமல் போனது வேறு கதை.) ரஃப்லேசியாவுக்கு அத்தகைய குறித்த பருவம் இல்லை. எந்த மாதத்திலும் ஒரு மொட்டு விரியலாம்; வாரக்கணக்கில் ஒன்றுகூட விரியாமலும் போகலாம். எனவே, புறப்படுவதற்கு முன்பு கிராமத்து வழிகாட்டியைத் தொலைபேசியில் அழைத்து, “ஐயா, பூ விரிந்திருக்கிறதா?” என்று கேட்டுக்கொள்வதே முறை. “இல்லை” என்றால், அந்த வாரப் பயணத்தை ஒத்திவைப்பதுதான் நல்லது.

“விரிந்திருக்கிறது” என்றால், அதிகாலையிலேயே கிளம்பிவிட வேண்டும். பிற்பகலில் மலையில் மழை பிடித்துக்கொள்ளும். பாதையில் மூங்கில் புதர்களும் சிற்றோடைகளும் வரும். ஈரச்சருகின் மேல் கால் வழுக்கும். அட்டைகள் காலுறைக்குள் நுழையும். அவற்றுக்கு அஞ்சித் திரும்பியவர்களும் உண்டு. நடை எவ்வளவு நேரம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. பூ எங்கே விரிந்திருக்கிறதோ, அங்கேதான் அன்றைய பாதை முடியும்.

ரஃப்லேசியாவுக்கு இலை இல்லை, தண்டு இல்லை, வேரும் இல்லை. சூரிய ஒளியிலிருந்து அது தன் உணவைத் தயாரிப்பதில்லை. காட்டில் வளரும் ஒரு வகைக் கொடியின் உடலுக்குள் நுண்ணிய இழைகளாகப் பரவி, அக்கொடியின் சத்தை உறிஞ்சியே வாழ்கிறது. அந்தக் கொடி, நம் வீடுகளில் துவையல் அரைக்கும் பிரண்டைக்கும் திராட்சைக்கும் உறவு. மொட்டு கொடியின் தோலைப் பிளந்துகொண்டு வெளியே வந்த பிறகு, முட்டைக்கோசின் அளவுக்குப் பருத்து விரிவதற்கு ஏறத்தாழ ஒன்பது மாதங்கள் ஆகும். பல மொட்டுகள் இடையிலேயே அழுகிவிடும். விரிந்த மலரின் ஆயுளோ ஐந்து முதல் ஏழு நாள் மட்டுமே. பேராக் காடுகளில் காணப்படும் கேண்ட்லி வகை மலர் பொதுவாக 30 முதல் 55 சென்டிமீட்டர் அகலம் இருக்கும். செந்நிற இதழ்களின் மேல் வெண்புள்ளிகள் தெறித்திருக்கும்.

மணம் என்று சொல்ல அதில் ஒன்றுமில்லை. அழுகிய இறைச்சியின் வாடைதான் வீசும். இறைச்சி என்று நம்பி வரும் ஈக்கள் ஆண் மலரின் மகரந்தத்தைச் சுமந்துகொண்டு பெண் மலருக்குச் செல்ல வேண்டும். ஆண் மலரும் பெண் மலரும் பெரும்பாலும் தனித்தனியே இருப்பதால், ஒரே வாரத்தில், அருகருகே, இரண்டும் விரிந்திருந்தால்தான் காய் பிடிக்கும். இவ்வளவு தற்செயல்களை நம்பி ஓர் உயிரினம் வாழ்வது வியப்பாகவே உள்ளது.

மனிதர்களாலும் இம்மலருக்கு இழப்பு நேர்ந்தது. பிள்ளை பெற்ற தாய்மாருக்கான மருந்து என்று நம்பப்பட்டதால், மொட்டுகள் பறித்து விற்கப்பட்டன. உலு கெரோ மக்களில் சிலரும் வருமானத்திற்காக அவ்வாறு செய்தனர். 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் மலேசிய இயற்கைக் கழகம் அக்கிராமத்தாரோடு இணைந்து, அவர்களை வழிகாட்டிகளாகப் பயிற்றுவித்தது. பறித்த மொட்டு ஒருமுறைதான் காசு தரும். விரிந்த மலரோ ஒரு வாரம் முழுவதும் வருகையாளர்களை அழைத்து வரும். இந்தக் கணக்கைப் புரிந்துகொள்ள அவர்களுக்கு வெகுகாலம் தேவைப்படவில்லை. காட்டைப் படிக்கும் திறன் அவர்களிடம் முன்பே இருந்தது. இப்போது அதற்குக் கூலி கிடைக்கிறது.

பெயர்களைப் பாருங்கள். 1818இல் சுமத்ராவில் இம்மலரைக் கண்ட குழுவின் தலைவர் ராஃபிள்ஸ். அவருடன் இருந்த மருத்துவர் ஆர்னல்டு. அங்கே காணப்பட்ட மலர் இருவர் பெயரையும் தாங்கி ‘ரஃப்லேசியா ஆர்னல்டி’ ஆயிற்று. அதைக் காட்டில் முதலில் கண்டு மருத்துவரை அழைத்துச் சென்ற மலாய்ப் பணியாளரின் பெயர் அம்மலருக்குச் சூட்டப்படவில்லை.

இன்று மொட்டைப் பறிப்பவரைவிட, படம் எடுக்க வருபவரின் காலணியே பெரிய கவலை. மலரைச் சுற்றி நின்று கைப்பேசியை உயர்த்தும்போது ஓர் அடி பின்னால் வைத்தாலும் கொடி நசுங்கக்கூடும். கொடி செத்தால் அதற்குள் வாழும் அனைத்தும் சாகும். “அங்கே கால் வைக்காதீர்கள்” என்று வழிகாட்டி கை காட்டும் இடத்தில், முதல் பார்வைக்குச் சருகைத் தவிர எதுவும் தெரியாது. குனிந்து பார்த்தால், தரையோடு ஓடும் கொடியின் மேல் கோலிக்குண்டு அளவில் ஒரு பழுப்பு நிற மொட்டு இருக்கும். அது விரிய இன்னும் பல மாதங்கள் இருக்கின்றன.