கரகரப்புக்கு டாக் மட்டுமா காரணம்?

லேப்டாப்பின் யூஎஸ்பி துளையில் செருகும் ஒரு சின்ன டப்பா, அதிலிருந்து ஹெட்போனுக்கோ ஆம்ப்ளிஃபயருக்கோ ஒரு ஒயர். டாக் என்று சொல்லப்படும் இந்தக் கருவி, எண்களாக வரும் ஒலியை மின்னலையாக மாற்றித் தருகிறது. வேலூர் சத்துவாச்சாரியில் அறை எடுத்துத் தங்கிப் படிக்கும் மாணவர்கள், ஆம்பூர், ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளுக்காகக் கணினி வழியே வெளிநாட்டு வாடிக்கையாளர்களோடு பேசுகிறவர்கள், வீட்டிலேயே பாட்டுப் பதிவு செய்கிறவர்கள் எனப் பலருக்கும் இது பழகிய பொருள். இதைச் சுற்றிச் சில தவறான நம்பிக்கைகளும் உலவுகின்றன. பெரும்பாலானவை காசைக் கரைப்பவை. ஒன்று மட்டும் உயிரைப் பறிக்கக்கூடியது. அதைக் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

நம்பிக்கை: சத்தம் கரகரத்தால் டாக் கெட்டுவிட்டது.

முதலில் எந்த மாதிரிச் சத்தம் என்று காது கொடுத்துக் கேளுங்கள். இடையிடையே ‘பட், பட்’ என்று வெடித்தால், எண்கள் நேரத்துக்கு வந்து சேரவில்லை. பாட்டு உரக்கும் இடத்தில் மட்டும் கிழிந்தால், ஒலி அளவு மீறிவிட்டது. பாட்டே ஓடாதபோதும் ‘ம்ம்ம்’ என்று முனகினால், மின் இணைப்பில் கோளாறு. இந்த மூன்றிலும் டாக் நிரபராதியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஓடிஜி ஒயர் வழியாக அதே டாக்கைக் கைபேசியில் மாட்டிப் பாருங்கள். அங்கே சுத்தமாகக் கேட்டால் தேட வேண்டிய இடம் கணினி.

வெடிப்புச் சத்தத்தைச் சற்று விளக்க வேண்டும். யூஎஸ்பி வழியாக ஒலி செல்லும் முறையில், வழியில் தவறிய துண்டு மறுபடி அனுப்பப்படுவதில்லை. கோப்பை நகலெடுக்கும்போது பிழை வந்தால் கணினி மீண்டும் அனுப்பும். பாட்டுக்கு அந்த அவகாசம் கிடையாது. அதனால்தான் ‘பஃபர்’ என்ற சேமிப்பு இருக்கிறது. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி மாதிரிதான் அது. மோட்டார் சற்று நின்றாலும் தொட்டியில் இருக்கும்வரை குழாயில் தண்ணீர் வரும். வைஃபை டிரைவர் போன்ற ஏதோ ஒன்று செயலியைச் சில மில்லிவினாடிகள் பிடித்து வைத்துக்கொண்டால் தொட்டி காலியாகிறது, காதில் ‘பட்’ என்கிறது. பஃபர் அளவைக் கூட்டுங்கள். வைஃபையை அணைத்துக் கேட்டுப் பாருங்கள். வெப்கேமும் ஹார்ட் டிஸ்க்கும் தொங்கும் ஹப்பிலிருந்து டாக்கைக் கழற்றி, நேராகக் கணினியில் செருகுங்கள். விண்டோஸில் யூஎஸ்பிக்கான மின்சேமிப்பு அமைப்பை நிறுத்துங்கள். எந்த டிரைவர் குறுக்கே நிற்கிறது என்று காட்ட ‘லேட்டன்சிமான்’ என்ற மென்பொருள் இருக்கிறது. மே மாத வேலூர் வெயிலில் பிற்பகலில் மட்டும் வெடிப்பு வந்தால், லேப்டாப் சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறதா என்றும் பாருங்கள்.

நம்பிக்கை: 192 கிலோஹெர்ட்ஸ் வைத்தால் ஒலி துல்லியமாகும்.

1982-ல் விற்பனைக்கு வந்த சிடி என்ற இசைத்தட்டு, வினாடிக்கு 44,100 மாதிரிகளைக் கொண்டது. அதைக் கொண்டு 22,050 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியைப் பதியலாம். மனிதக் காது எட்டுவது ஏறத்தாழ 20,000 வரைதான், வயது ஏற ஏற அதுவும் குறையும். 44.1-ல் பதிவான பாட்டை 192-ல் ஓட்டுவதால் இல்லாத ஒலி புதிதாக வந்துவிடாது. 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் என்றால் இசைத்தட்டைப் போல ஆறரை மடங்குத் தரவைக் கணினி தள்ள வேண்டும். ஏற்கெனவே திணறும் கணினியில் கரகரப்புதான் கூடும். 44.1 அல்லது 48-ல் விட்டுவிடுங்கள்.

நம்பிக்கை: தங்க முலாம் பூசிய ஒயர் ஒலியை மெருகேற்றும்.

ஏற்றாது. யூஎஸ்பி ஒயரில் போவது எண்கள். ஒயர் பழுதானால் சத்தம் அறுபடும், கருவி துண்டிக்கப்படும்; பாஸ் மட்டும் மெலிந்து போகாது. 5 மீட்டருக்குள் இருக்கும் நல்ல சாதாரண ஒயர் போதும்.

நம்பிக்கை: உரத்த இடத்தில் கிழிந்தால் ஸ்பீக்கர் போச்சு.

16 பிட் ஒலியில் எண்ணின் உச்சம் 32,767. அதற்கு மேல் இடமே இல்லை. தவில் நன்றாக அதிர வேண்டும் என்று ஈக்வலைசரில் பாஸை 6 டெசிபல் ஏற்றினால், அந்தப் பகுதியில் அலையின் உயரம் இரட்டிப்பாகிறது. உச்சத்தைத் தாண்டிய பகுதி தட்டையாக வெட்டப்படும், அதுவே கிழிசல். எவ்வளவு ஏற்றினீர்களோ அவ்வளவை ஈக்வலைசரின் ப்ரீஆம்ப்பில் இறக்குங்கள். பிளேயரின் ஒலியளவை நூறு சதவீதத்துக்கு மேல் வைக்காதீர்கள். டாக்கின் வெளியீடு ஆம்ப்ளிஃபயரின் மைக் துளையில் செருகியிருக்கிறதா என்றும் பாருங்கள். பல டாக்குகள் 2 வோல்ட் வரை தரும். மைக் துளை எதிர்பார்ப்பது சில மில்லிவோல்ட்.

சில சமயம் பாட்டே அப்படித்தான் பதிவாகியிருக்கும். 2008-ல் மெட்டாலிகா குழுவின் ‘டெத் மேக்னெடிக்’ ஆல்பம் அளவுக்கு மீறி உரக்கப் பதிவாகி, இசைத்தட்டிலேயே கிழிந்து ஒலித்தது. அதே பாட்டுகள் ‘கிட்டார் ஹீரோ’ என்ற வீடியோ விளையாட்டில் தெளிவாக இருந்ததைக் கேட்ட ரசிகர்கள் மனுப் போட்டார்கள். எந்த டாக்கும் அந்தக் கிழிசலைத் தைக்க முடியாது.

நம்பிக்கை: முனகல் வந்தால் பிளக்கின் எர்த் முள்ளை எடுத்துவிட வேண்டும்.

இதைச் சொல்லிக்கொடுப்பவரிடம் தயவுசெய்து கோபப்படுங்கள். முனகல் நிற்கலாம். ஆனால் ஆம்ப்ளிஃபயருக்குள் ஒரு ஒயர் நழுவி உலோகப் பெட்டியைத் தொட்டால், 230 வோல்ட் தரைக்குப் போக வழியின்றி அந்தப் பெட்டியிலேயே நிற்கும். அடுத்துத் தொடுகிறவர் உடல் வழியாகத்தான் அது இறங்கும்.

முனகலுக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்: கணினி ஒரு சுவரிலும் ஆம்ப்ளிஃபயர் இன்னொரு சுவரிலும் எர்த் ஆகின்றன. இரண்டுக்கும் இடையிலுள்ள சிறு மின்னழுத்த வேறுபாடு ஆடியோ ஒயர் வழியே ஓடி, நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் துடிப்பைப் பாட்டில் கலக்கிறது. செட்டாப் பாக்ஸ் அதே ஆம்ப்ளிஃபயரில் மாட்டியிருந்தால் கேபிள் டிவி ஒயரும் இந்த வேலையைச் செய்யும். அதைக் கழற்றிக் கேட்டுப் பாருங்கள். பிறகு லேப்டாப் சார்ஜரை உருவிவிட்டு பேட்டரியில் ஓட்டுங்கள். முனகல் நின்றால் வழி தெரிந்துவிட்டது. கணினி, ஆம்ப்ளிஃபயர் இரண்டையும் ஒரே ஜங்ஷன் பாக்ஸில் மாட்டினால் பாதிப் பிரச்சினை தீரும். தீராவிட்டால் ஆடியோ ஒயரின் நடுவே ஐசொலேட்டர் போடலாம், அல்லது ஒளியிழை வெளியீடு இருந்தால் அதைப் பயன்படுத்தலாம். அதில் மின்சாரம் கடக்காது.

சார்ஜர் செருகியிருக்கும்போது லேப்டாப்பின் உலோக மேற்பரப்பை விரலால் தடவினால் மெல்லிய அதிர்வு தெரிகிறதா? சார்ஜர் இரண்டு முள் வகையாக இருக்கலாம். மூன்று முள் என்றால் சுவரிலுள்ள எர்த் பெயருக்கு மட்டும் இருக்கலாம். ஸ்டெபிலைசர் வாங்கி இதைச் சரிசெய்ய முடியாது; அது மின்னழுத்தத்தைத்தான் சீராக்கும். மலையடிவாரப் பாறை நிலத்தில் கரியும் உப்பும் போட்ட எர்த் குழி கோடையில் வறண்டு செயலிழந்துவிடும். குழியில் தண்ணீர் ஊற்றுங்கள், எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தை அளக்கச் சொல்லுங்கள், மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி இல்லாவிட்டால் பொருத்தச் சொல்லுங்கள். எர்த் முள் பிடுங்கிய பிளக் வீட்டில் ஒன்று இருந்தாலும் இன்றைக்கே மாற்றிவிடுங்கள்.