ஒரு கலமும் அதன் மீகாமர்களும்

மரக்கலத்தை நெறியறிந்து செலுத்துவோனை மீகாமன் என்பது பழந்தமிழ் வழக்கு. நம் புதுக்கோட்டை மாவட்டத்துக் கடற்கரையூர்களாகிய கோட்டைப்பட்டினம், ஜகதாப்பட்டினம் முதலியவற்றில் தந்தை ஓட்டிய படகைப் பின்னர் மைந்தன் ஓட்டக் காண்கின்றோம். படகு ஒன்றே, கை மாறுகின்றது. அங்ஙனம் கை மாறுங்கால் படகோடு சேர்ந்து மாறுவது யாது? இவ்வினாவிற்கு விடை காண, நம் நாட்டுக் கடற்படைக்குரிய 'மாதேயி' என்னும் பாய்க்கலத்தின் வரலாறு பெரிதும் துணை செய்யும்.

முதற்கண், பாய்க்கலத்தில் உலகைச் சுற்றுதல் என்பதன் இலக்கணத்தை அறிதல் வேண்டும். பூமத்திய ரேகை 360 பாகை கொண்டது. பாகை ஒன்றுக்குக் கலை 60. கலை ஒன்றுக்குக் கடல் மைல் ஒன்று. ஆகவே 21,600 கடல் மைலுக்குக் குறையாது ஓடுதல் வேண்டும். புறப்பட்ட துறைக்கே மீளுதலும், பூமத்திய ரேகையையும் தீர்க்க ரேகைகள் அனைத்தையும் கடத்தலும், சூயஸ், பனாமாக் கால்வாய்களை நாடாமையும் பிற விதிகளாம். ஆஸ்திரேலியாவின் லீவின் முனை, தென்னமெரிக்காவின் ஹார்ன் முனை, ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனை ஆகிய மூன்றினையும் தெற்கே சுற்றிச் செல்வதே மாலுமிகள் மதிக்கும் வழி. தெற்கே 40 பாகைக்கு அப்பால் காற்றைத் தடுக்கும் பெருநிலம் மிக அரிதாதலின், மேல்காற்று பேரலைகளை எழுப்பி ஓயாது வீசும். அக்காற்றைப் பின்கொண்டு கிழக்கு நோக்கி ஓடுவதே முறை.

இங்ஙனம் தனியொருவராய், எத்துறையையும் அடையாது உலகைச் சுற்றும் 'கோல்டன் குளோப்' பந்தயம் 1968-இல் இங்கிலாந்தில் தொடங்கிற்று. புறப்பட்டார் ஒன்பதின்மர், முடித்தவர் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் ஒருவரே. 312 நாளில் அவரைச் சுமந்து மீண்ட 'சுஹைலி' என்னும் 32 அடிக் கலம், பம்பாயில் தேக்கு மரத்தாற் கட்டப்பெற்றது. கலம் நம் நாட்டினதாயினும், அதன்பின் 40 ஆண்டுகள்வரை இந்தியர் எவரும் தனித்து உலகைச் சுற்றினாரில்லை.

இக்குறையைப் போக்க எண்ணியவர் ஓய்வுபெற்ற துணை அட்மிரல் மனோகர் ஆவட்டி. அவரது 'சாகர பரிக்கிரமா' என்னும் திட்டத்திற்கு இசைந்து முன்வந்தவர் கமாண்டர் திலீப் தோந்தே. தோந்தே முதலிற் செய்தது யாதெனின், 2006-இல் நாக்ஸ்-ஜான்ஸ்டன் மற்றோர் உலகப் பந்தயத்திற்கு ஆயத்தஞ் செய்துகொண்டிருந்தபோது அவரிடஞ் சென்று உடனிருந்து பணிசெய்து கற்றதேயாம். பின்னர்க் கோவாவின் திவார்த் தீவில் ரத்னாகர் தண்டேகரின் பட்டறையில் 56 அடிக் கலமொன்று கட்டப்பெற்றது. மரச்சட்டத்தின்மீது கண்ணாடியிழை போர்த்த அக்கலத்திற்கு அந்நாட்டு ஆறொன்றின் பெயரே 'மாதேயி' என இடப்பட்டது. 2009 பிப்ரவரி 12-இல் அது கடற்படையிற் சேர்ந்தது.

அவ்வாண்டு ஆகஸ்ட் 19-இல் தோந்தே மும்பையினின்று தனியே புறப்பட்டார். பிரீமாண்டில், லிட்டில்டன், போர்ட் ஸ்டான்லி, கேப் டவுன் ஆகிய நான்கு துறைகளில் தங்கி, 2010 மே மாதத்தில் மீண்டார். பயணம் 276 நாள்; அவற்றுட் கடலிற் கழிந்தன 157. பின்பு 2011-இல் கேப் டவுனிலிருந்து ரியோவரை, 3,000 கடல் மைலுக்கு மேற்பட்ட அத்லாந்திக்கைக் குறுக்கே கடக்கும் பந்தயத்தில், அவரது தலைமையில் மாதேயி கலந்துகொண்டது.

இரண்டாம் மீகாமர் அபிலாஷ் டோமி. தோந்தேயின் பயணத்தில் துறைகள்தோறும் சென்று கலத்தைச் செப்பஞ் செய்ய உதவியவர் இவரே. 2012 நவம்பர் 1-இல் மும்பையினின்று புறப்பட்டு, 2013 ஜனவரி 26-ஆம் நாளாகிய குடியரசு நாளன்று ஹார்ன் முனையைக் கடந்து, மார்ச் 31-இல் மீண்டார். இடையில் எத்துறையையும் அடைந்தாரல்லர். பிறர் உதவி பெற்றாரல்லர். சென்ற நாள் ஏறக்குறைய 151.

இவ்விரண்டையும் ஒப்புநோக்குமின். ஒருவர் கடலில் இருந்த நாள் 157, மற்றவர் 151. இருவரும் ஓடிய தூரமோ சற்றேறக்குறைய 23,000 கடல் மைல். எனவே கலத்தின் வேகம் நாளொன்றுக்கு 150 கடல் மைல் அளவிலேயே நின்றது, பெரிதும் மிகவில்லை. வேறுபட்டது துறையின்மையே. முன்னவர் கிழிந்த பாயைத் துறையில் தைத்துக்கொள்ளலாம். பின்னவர்க்கு ஊசியும் நூலும் கலத்திலேயே இருத்தல் வேண்டும். எக்கருவி எப்போது பழுதாகும், எத்துணை உணவு வேண்டும், எந்தக் காற்றில் எந்தப் பாயைச் சுருக்கவேண்டும் என்பன முதற்பயணத்தில் அறியப்பட்டமையாலன்றோ இரண்டாம் பயணம் கைகூடிற்று?

மூன்றாம் தலைமுறையினர் மகளிர். வர்த்திகா ஜோஷியின் தலைமையில் அறுவர் தோந்தேயிடம் மாதேயியிலேயே பயின்றனர். பின்னர், அதே பட்டறையில் அதே வடிவிற் கட்டப்பெற்ற 'தாரிணி'யில் 2017 செப்டம்பர் 10-இல் கோவாவினின்று புறப்பட்டு, 2018 மே 21-இல் மீண்டனர். வழியிற் சுக்கான் பழுதுற, மொரீஷியஸ் தீவில் ஒதுங்கிச் செப்பஞ் செய்துகொண்டனர். விரைவினும் காப்பே முற்பட்டது என்பதற்கு இது சான்று.

அபிலாஷோ அவ்வாண்டே மற்றொரு கலத்தில், கோல்டன் குளோப் பந்தயத்தின் ஐம்பதாம் ஆண்டு நினைவுப் போட்டியில் ஓடினார். செப்டம்பர் 21-இல் தென்னிந்தியப் பெருங்கடலிற் புயலால் பாய்மரம் முறிந்தது. முதுகெலும்பு நொறுங்கி அசையமாட்டாது கிடந்தார். மூன்றாம் நாள் பிரெஞ்சுக் கலமொன்று அவரை மீட்டது. எனினும் 2022-இல் அதே பந்தயத்திற்கு மீண்டுஞ் சென்று, 2023 ஏப்ரலில் இரண்டாமிடம் பெற்றார்.

அவர் பெற்ற அறிவு வீணாகவில்லை. கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னா, புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமி ஆகிய கடற்படை அதிகாரிகள் இருவர்க்கும் அவரே வழிகாட்டினார். அவ்விருவரும் தாரிணியில் 2024 அக்டோபர் 2-இல் புறப்பட்டு, 25,000 கடல் மைலுக்கு மேல் ஓடி, 2025 மே 29-இல் கோவாவை அடைந்தனர்.

இனி, தொடக்கத்தில் எழுப்பிய வினாவிற்கு விடை வெளிப்படை. கலத்தோடு கை மாறியது மரமும் பாயும் மட்டுமன்று. முன்னோன் பட்டறிந்தவற்றைப் பின்னோன் பணிந்து கற்ற கல்வியுமாம். தோந்தே நாக்ஸ்-ஜான்ஸ்டனுக்கு உதவியாளராயிருந்தார். அபிலாஷ் தோந்தேக்கு உதவியாளராயிருந்தார். பிறர் கலத்திற் கயிறு பிடித்த பின்னரே ஒவ்வொருவரும் சுக்கானைப் பிடித்தனர். தனித்துச் சென்றார் என நாம் புகழும் ஒருவர்பின் எத்துணைப் பேர் நிற்கின்றனர் என்பதை மாதேயியின் வரலாறு நமக்குத் தெளிவுறக் காட்டுகின்றது.