ஒரு பீரோ புத்தகம் போதுமா?

சந்தாபுராவில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய உண்டு. கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கமிருந்து பிழைக்க வந்தவர்கள் பலர். சிலருக்குப் பொம்மசந்திரா, ஜிகணி கம்பெனிகளில் வேலை. சிலருக்குக் கட்டட வேலை. இவர்களில் பெரியவர்கள் சிலர் இப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறார்கள்.

படிக்கப் பழகியவருக்குப் புத்தகம் வேண்டும். கிடைக்காவிட்டால் என்ன ஆகும்? கற்ற எழுத்து கொஞ்சம் கொஞ்சமாக மறந்து போகும். பட்ட பாடெல்லாம் வீண்.

சிறிய நூலகம் என்றால் ஒரு பீரோ, ஒரு பெஞ்சு. கன்னட நாட்டில் கன்னடப் புத்தகம் அதிகம் இருப்பது நியாயம்தான். தமிழ்ப் புத்தகம் 40 இருப்பதாக வைத்துக்கொள்வோம். வாரம் ஒன்று படித்தால் 40 வாரத்தில் தீர்ந்துவிடும். பிறகு?

ஒரு கணக்குப் போடுவோம். சந்தாபுரா, ஆனேக்கல், அத்திப்பள்ளி, ஹெப்பகோடி, ஜிகணி. ஐந்து ஊரிலும் ஒவ்வொரு சிறு நூலகம். ஆளுக்கு 40 புத்தகம். மொத்தம் 200. ஒரே புத்தகம் இரண்டு ஊரில் இருக்கும். அப்படி 50-ஐக் கழித்தாலும் 150 மிஞ்சும். ஐந்து நூலகமும் மாற்றிக்கொண்டால் கிட்டத்தட்ட மூன்று வருடம் படிக்கலாம். புதுப் புத்தகம் ஒன்றுகூட வாங்க வேண்டாம். பெட்டியைக் கொண்டுபோக பஸ் செலவு மட்டும்தான்.

இது நடக்கிற காரியமா? கேரளாவில் நடந்தது.

அங்கே நீலம்பேரூர் என்று ஒரு கிராமம். பி. என். பணிக்கர் 1909-ல் அங்கே பிறந்தார். பள்ளிக்கூட வாத்தியார். 1926-லேயே தன் ஊரில் ஒரு நூலகம் தொடங்கியவர். அக்கம்பக்கத்திலும் சிறு நூலகங்கள் இருந்தன. ஆனால் ஒன்றுக்கொன்று தொடர்பு இல்லை. 1945-ல் அம்பலப்புழையில் 47 நூலகங்கள் ஒன்று கூடின. திருவிதாங்கூர் நூலகச் சங்கம் பிறந்தது. (நம் கன்னியாகுமரிப் பக்கமும் அப்போது திருவிதாங்கூரில்தான் இருந்தது.) தனித்தனியாகக் கேட்டால் யார் காதில் விழும்? சேர்ந்து கேட்டார்கள். அரசு மானியம் கிடைத்தது.

பணிக்கர் சும்மா இருக்கவில்லை. ஊர் ஊராகப் போனார். நூலகம் இல்லாத ஊரில் தொடங்கச் சொன்னார். இருக்கிற ஊரில் சங்கத்தில் சேரச் சொன்னார். 47 என்பது சுமார் 6,000 ஆனது. 1975-ல் யுனெஸ்கோவின் குருப்ஸ்கயா பரிசு சங்கத்துக்குக் கிடைத்தது. 1977-ல் சங்கத்தை அரசு ஏற்றுக்கொண்டது. பணிக்கர் 1995 ஜூன் 19-ல் காலமானார். அந்த நாளைக் கேரளாவில் வாசிப்பு தினமாகக் கொண்டாடுகிறார்கள்.

இங்கே ஒரு கேள்வி வரும். "எங்கள் புத்தகம் தொலைந்தால் யார் பொறுப்பு?" நியாயமான கேள்வி. ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு நம்பர் போட வேண்டும். பெட்டிக்குள் பட்டியல் இருக்க வேண்டும். கொடுப்பவரும் வாங்குபவரும் எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அப்படியும் ஒன்றிரண்டு போகலாம். பீரோவில் பூட்டியே கிடந்து கரையான் அரிப்பதைவிட அது மேல்.

அரசு நூலகர் தன் இஷ்டத்துக்குப் புத்தகத்தை வெளியூர் அனுப்ப முடியாது. மேலிடத்து அனுமதி வேண்டும். ஆகவே சங்கம், கோயில், படிப்பு மையம் நடத்தும் நூலகங்களில் முதலில் தொடங்குவதே சுலபம்.

அரசிடம் கேட்கவும் நமக்கு உரிமை உண்டு. கர்நாடகப் பொது நூலகச் சட்டம் 1965-ல் வந்தது. சீர்காழியில் பிறந்து பெங்களூரில் வாழ்ந்த எஸ். ஆர். ரங்கநாதன் இதற்காகப் பாடுபட்டவர். சொத்து வரி 100 ரூபாய் என்றால் நூலகத்துக்கு 6 ரூபாய் கூடுதலாக வசூலிக்கிறார்கள். வாடகை வீட்டுக்காரரும் ஒரு விதத்தில் இதைக் கொடுக்கிறார். வீட்டுக்காரர் வரியை வாடகையில்தானே எடுப்பார்!

மனு எழுதும்போது ஒன்றைக் கவனியுங்கள். நகரத்து நூலகம் பொது நூலகத் துறையின் கீழ் உள்ளது. கிராம பஞ்சாயத்து நூலகங்கள் 2019-ல் பஞ்சாயத்து ராஜ் துறைக்கு மாறிவிட்டன. ஆகவே இரண்டு மனு எழுத வேண்டும். கன்னடத்தில் எழுதுவது நல்லது. பள்ளியில் கன்னடம் படிக்கும் பிள்ளைகள் உதவுவார்கள். அவர்களுக்கான கன்னடக் கதைப் புத்தகமும் அதே பெட்டியில் வரலாம்.

செய்து பாருங்கள்:

ஒரு நோட்டில் நான்கு கோடு போடுங்கள். நம்பர், புத்தகத்தின் பெயர், எழுதியவர் பெயர், எந்த ஊர் நூலகம் என்று எழுதுங்கள். உங்கள் மையத்துப் புத்தகங்களை முதலில் எழுதி முடியுங்கள். பிறகு நோட்டை எடுத்துக்கொண்டு பக்கத்து ஊர் நூலகத்துக்குப் போங்கள்.